கோடிச் சேலையோடு வா

சேசு மரி சூசை

முனம்பம், கேரளா
2 ஏப்ரல் 2023

அன்புள்ள விஜிலா அக்காவுக்கு,

தம்பி கிளைட்டன் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் உன் மாமியார் இசபெல்லா மாமியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். புது சிம் போட்டுக் கூப்பிட்டேன், குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் தபாலாபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போலீஸ் விசாரணை முடிந்து என்னை வெளியே விட்டபோது ரோச் மச்சானை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தேன், நீ கதவைத் திறக்கவில்லை. திரேஸ்புரத்தில் ஒரு வள்ளத்திலும் என்னை ஏற்றவில்லை. அது நியாயம்தான். இங்கே துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. தங்குவதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மச்சான் சங்கு குளிக்க இறங்கியிருந்தார். மேலே டியூபைப் பிடித்திருந்தவன் நான். டியூப் வழியாக அவருக்கு மூச்சுக்காற்று அனுப்புகிற கம்ப்ரசர் நின்றதை நான் கவனிக்கவில்லை. போலீசிலும் சொன்னேன், ஊர்க் கமிட்டியிலும் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாமிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நீ தையல் கடைக்குப் போகிறாயா?

பதில் எதிர்பார்க்கும் தம்பி,
கிளைட்டன்


திரேஸ்புரம், தூத்துக்குடி
21 ஏப்ரல் 2023

கிளைட்டனுக்கு,

சுகமா என்று கேட்டிருக்கிறாய். நான் சுகம். மாமியும் சுகம். நீ சுகம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நீ சுகமாக இருக்கக்கூடாது. இதை நான் கோயிலில் முழங்கால் போட்டு மாதாவிடமே சொல்லியிருக்கிறேன். கேட்கக்கூடாத வரம்தான், இருந்தாலும் கேட்டேன்.

ஏலே, போன் வேண்டாம், எழுது. படிப்பேன். படித்துவிட்டு அடுப்பில் போடுவேன்.

குளிக்கப் போகிறவன் மூச்சை மச்சினன் கையில்தான் கொடுத்துவிட்டு இறங்குவான். அப்பா காலத்தில் அது கயிறு, இப்போது டியூப். கூடப்பிறந்தவன்கூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுவிடுவான், பெண்டாட்டியின் தம்பி விடமாட்டான், சொந்த அக்காளின் தாலியை எவனாவது அறுப்பானா என்று யோசித்துத்தான் பெரியவர்கள் இப்படி ஒரு வழக்கம் வைத்தார்கள். அத்தனை பேர் நம்பிக்கையையும் நீ ஒருவன் பொய்யாக்கினாய். அன்று காலையில் வள்ளத்துக்காரர் ஜேசுபாதம் அண்ணாச்சி, "இன்னைக்கு வேற ஆளு இருக்கான்ல ரோச்சு, கிளைட்டன் கண்ணு செவந்து கிடக்கு, ஒறங்கட்டும்" என்றாராம். இவர்தான், "அவன் பிடிச்சாத்தான் அண்ணாச்சி எனக்கு நிம்மதி" என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனாராம். அண்ணாச்சி என் வாசலில் நின்று இதைச் சொல்லி அழுதார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கம்ப்ரசர் நின்ற நேரத்தில் நீ பக்கத்து வள்ளத்துக்காரனோடு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாய். எல்லாரும் சொல்கிறார்கள். என்ன பேசினாய் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதை எழுது. மன்னிப்பு கின்னிப்பு என்று ஒன்றும் எழுதாதே, இங்கே வாங்கி வைக்க இடமில்லை.

அவர் இல்லாத வீட்டிலிருந்து,
விஜிலா


சேசு மரி சூசை

முனம்பம்
14 மே 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாமியும் சுகம் என்று அறிந்தேன். என் சுகத்தைப் பற்றி இனி எழுதவில்லை.

நீ திட்டியதெல்லாம் எனக்குக் குறைவுதான். ஆனால் வேறு ஒரு விஷயம் காதில் விழுந்தது, அதற்காக எழுதுகிறேன். நீ இன்னும் தாலியை இறக்கவில்லையாம். ஏழாம் நாள் பூசைக்கும் போகவில்லை, முப்பதாம் நாள் பூசைக்கும் போகவில்லை. துக்கம் கேட்டுத் துட்டி விசாரிக்க வந்த பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினாயாம். திரேஸ்புரத்திலிருந்து இங்கே மீன் லாரியில் வருகிறவர்கள் சொன்னார்கள்.

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்து தலையில் போட வேண்டும். அதன் பிறகுதான் தாலி இறக்குவார்கள், அதன் பிறகுதான் துட்டிக்கு உட்காருவார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று உனக்கு மிச்சமிருப்பது நான் ஒருவன். அடக்கத்தன்று நான் ஸ்டேஷனில் இருந்தேன், அதனால் கோடி விழவில்லை. அந்தக் குறை என்னால் வந்தது. அதையாவது நான் செய்கிறேன் அக்கா. ஒரு நாள் லீவு கேட்டு வருகிறேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம், திரும்பிக்கொண்டு நில். போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

மாமிக்கு என் வணக்கம். அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் சொல்.

உன் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கிளைட்டன்


திரேஸ்புரம்
8 ஜூன் 2023

கிளைட்டனுக்கு,

எங்களுக்குச் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

கேட்டதற்குப் பதில் இல்லை, கோடி போட வருகிறேன் என்கிறாய். நல்ல கெட்டிக்காரன். புருஷனையும் நீயே அனுப்புவாய், கோடியையும் நீயே கொண்டுவருவாய். அந்தச் சேலையைப் போட்டுவிட்டால் உன் பங்குக்குக் கணக்குத் தீர்ந்துவிடும், ராத்திரி நன்றாகத் தூங்குவாய். தூங்கவிட மாட்டேன்.

கோடி விழாமல் தாலி இறக்கக்கூடாது என்று மாமியும் சொன்னாள். நல்லதாகப் போயிற்று, இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் என் கழுத்தைப் பார்க்கட்டும். பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைக்கட்டும். துட்டிக்கு வந்த பெண்கள் எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? கட்டிப்பிடித்து அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், தலைவிதி என்பார்கள், ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்பார்கள். ஆண்டவர் அழைக்கவில்லை. நீ கவனிக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அழுது முடித்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோகும். நான் அழவே இல்லை. இதுவரைக்கும் ஒரு சொட்டு விடவில்லை. விடவும் மாட்டேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், அடுத்தவன் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். போன வாரம் பஸ் ஏறி வேம்பாருக்குப் போனேன். உனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். "அவன் கையில உங்க பிள்ளையக் குடுக்காதிய. அவன் பிடிக்க வேண்டியதப் பிடிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா ரொம்ப நேரம் என் தாலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரி தாயி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

இப்போது எழுது. என்ன பேசிக்கொண்டிருந்தாய்?

விஜிலா


திரேஸ்புரம்
10 ஆகஸ்ட் 2023

கிளைட்டனுக்கு,

இரண்டு மாதமாகத் தபால் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? அக்கறையில் கேட்கவில்லை. செத்துக்கித்துப் போனால் எனக்குத் தெரிய வேண்டாமா? நான் இன்னும் உன்னை ஒன்றுமே செய்யவில்லை, அதற்குள் போய்விடாதே.

மாதா திருவிழா முடிந்தது. கொடியேற்றத்துக்கும் போகவில்லை, சப்பரத்துக்கும் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே வேட்டுச் சத்தம் கேட்டேன்.

மாமியால்தான் இப்போது எனக்குத் தொல்லை. வீட்டில் அழக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். நான் அழாதபோது அவள் எப்படி அழலாம்? அவளும் சரி என்றாள். ஆனால் சாயங்காலமானால் முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறாள். கண் வீங்கித் திரும்பி வருகிறாள், வந்து நாலு வாய் சோறும் சாப்பிடுகிறாள். எங்கே போகிறாள் என்று போன சனிக்கிழமை பின்னாலேயே போனேன். மில்லர்புரத்தில் யாரோ ஒரு பெரியவர் செத்துப்போயிருந்தார். நமக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. மாமி அந்தப் பந்தலுக்குள் போய், செத்தவரின் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு, "ஏ ஐயா, என் ராசா, கடலுக்குள்ள ஒன்னய விட்டுட்டு வந்தாவளே" என்று அழுகிறாள். செத்த மனிதர் ரிட்டயர்டு வாத்தியார். கடல் பக்கமே போயிருக்க மாட்டார். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, இவளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்தவள் காப்பி கொடுத்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. வரும் வழியில், "ஏன் இப்படி ஊரான் வீட்டுத் துட்டியில போய் அழுதிய" என்று கேட்டேன். "நீதான் நம்ம வீட்டுல விடமாட்டங்கியே ஏளா. எங்கயாவது எறக்கி வைக்கணும்லா" என்றாள். 

இதற்கும் நீதான் காரணம். பெற்றவள் மகனுக்காக அழ ஊரான் வீட்டுப் பந்தலைத் தேடிப் போகிறாள். இதையும் உன் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்.

கேட்டதற்குப் பதில் போடு.

விஜிலா


சேசு மரி சூசை

முனம்பம்
17 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

நீயும் மாமியும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்டதை எழுதக் கை வரவில்லை, அதனால்தான் தாமதம். எழுதிப் பார்த்து எழுதிப் பார்த்துக் கிழித்தேன்.

கிரிக்கெட் அக்கா. அன்றைக்கு மேட்ச் தொடங்கியிருந்தது. நம் வள்ளத்தில் யாருக்கும் சிக்னல் கிடைக்கவில்லை. பக்கத்து வள்ளத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். யார் பேட்டிங் என்று கேட்டேன். அவன் சொன்னது காற்றில் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் கேட்கவில்லை. அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் கம்ப்ரசர் நின்றது. நான் திரும்பியபோது டியூப் தொளதொளவென்று கிடந்தது. என்னிடம் கேட்ட எல்லாரும் இதைக் கேட்டபின் உன்னிடம் சொல்லக் கூசியிருப்பார்கள்.

ஏதாவது பெரிய காரணம் இருந்திருந்தால் நானும் அதைச் சொல்லியிருப்பேன். இல்லை.

வேம்பாரில் நீ சொன்னது சரி. அவர்களும் எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

மாமி வாத்தியார் வீட்டுக்குப் போனதைப் படித்துவிட்டு ஐஸ் மேட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். இங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவனின் அப்பா ஊரில் இறந்துபோனார். ரூமில் இருந்த எல்லாரும் வரிசையாகப் போய் அவன் கையைப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது மச்சான். முதல் சட்டை எடுத்துத் தந்தது மச்சான். அவர் செத்ததற்கு என்னிடம் யாரும் துட்டி கேட்கவில்லை அக்கா. கேட்கவும் முடியாது. கொன்றவனிடம் யார் துட்டி கேட்பார்கள்?

இதையும் அடுப்பில் போட்டுவிடு.

கிளைட்டன்


திரேஸ்புரம்
5 நவம்பர் 2023

கிளைட்டனுக்கு,

நாங்கள் நலம். கல்லறைத் திருநாளுக்கு மாமி மட்டும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

உன் கடிதத்தைப் படித்த அன்று தையல் கடையில் ஒரு பாவாடையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். யார் பேட்டிங். என் புருஷன் அடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார், தம்பிக்காரன் மேலே நின்று யார் பேட்டிங் என்று கேட்கிறான். காது கேட்கவில்லை என்று மறுபடியும் கேட்கிறான். இதற்கு உன்னை வெட்டிப்போட வேண்டும். எனக்கு வெட்டத் தெரியாது. அதனால் யோசித்தேன். மாதக்கணக்காக யோசித்து ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவருக்கு ஆண்டுப் பூசை. வீட்டு வாசலில் பந்தல் போடச் சொல்லியிருக்கிறேன். ஊர் முழுக்கச் சொல்லி வைக்கிறேன். துட்டிக்கு இதுவரை யாரையும் விடவில்லை அல்லவா, அன்றைக்கு எல்லாரும் வரட்டும். நீயும் வா. கோடிச் சேலையோடு வா. தாம்பாளத்தில் வைத்துத் தெரு நடுவில் நடந்து வா.

வந்து நீட்டு. நான் அதை எடுத்து உன் மூஞ்சியிலேயே எறிவேன்.

பிறந்த வீட்டுக் கோடியைத் திருப்பி எறிந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அப்படி ஒரு பிறந்த வீடு எனக்கு இல்லை, இவன் என் கூடப்பிறந்தவன் இல்லை என்று அர்த்தம். நான் செத்தாலும் நீ வர முடியாது. நீ செத்தாலும் நான் வர மாட்டேன். கமிட்டி வரை அது செல்லும். எறிந்தபின் என் வாயில் வந்ததையெல்லாம் சொல்வேன். துட்டி வீட்டில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசக்கூடாது, அதுவும் உனக்குத் தெரியும். நீ கையைத் தூக்கக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது, இடத்தை விட்டு அசையக்கூடாது. நான் முடிக்கும்வரை நிற்க வேண்டும்.

தைரியம் இருந்தால் வா. இல்லாவிட்டால் ஐஸ் மேட்டிலேயே உட்கார்ந்திரு, ஊருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

விஜிலா


சேசு மரி சூசை

முனம்பம்
26 நவம்பர் 2023

அக்காவுக்கு,

உன் சுகத்துக்கும் மாமியின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். நீ எறி, நான் நிற்கிறேன். அசையமாட்டேன், கையைத் தூக்கமாட்டேன். நீ எவ்வளவு நேரம் பேசினாலும் நிற்பேன்.

அன்றைக்குப் பிறகு உன்னை அக்கா என்று கூப்பிட முடியாது என்று தெரிந்துதான் வருகிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் இன்னும் இரண்டு தடவை எழுதிக்கொள்கிறேன். அக்கா. அக்கா.

என்ன நிறத்தில் எடுப்பது என்று மட்டும் சொல். எனக்கு இதெல்லாம் தெரியாது, கேட்க இங்கே பெரியவர்கள் யாரும் இல்லை.

கிளைட்டன்


திரேஸ்புரம்
19 ஜனவரி 2024

கிளைட்டனுக்கு,

நலம்.

வெள்ளை. எறியப்போகிற சேலைக்கு நிறம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றியது, ஆனாலும் முறை முறைதான். வெள்ளையில் எடு.

பூசை காலை ஆறரைக்கு. கோயிலுக்குள் வராதே. பூசை முடிந்து எல்லாரும் பந்தலில் உட்கார்ந்தபின் வா. சொல்ல வேண்டியதையெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். தையல் மெஷின் ஓடும்போது வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு வருஷத்தில் எனக்குப் பசி எடுப்பதே இதை நினைக்கும்போதுதான்.

மாமிக்கு நான் எறியப்போவது தெரியாது. நீ கோடி போட வருகிறாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சந்தோஷப்பட்டாள். படட்டும்.

விஜிலா


திரேஸ்புரம்
16 பிப்ரவரி 2024

கிளைட்டனுக்கு,

நீ முனம்பம் போய்ச் சேர்ந்த விவரம் மீன் லாரிக்காரர் சொல்லித் தெரிந்தது. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி சுகம். மாமி சுகம்.

அன்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. நீ சேலைக்குள் இருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ தாம்பாளத்தோடு தெருவில் திரும்பியபோதே நான் பார்த்துவிட்டேன். இளைத்திருந்தாய். அதைப் பார்த்து இரங்கிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். கிட்டே வந்ததும் தட்டைப் பார்த்தேன். வெள்ளை என்று சொன்னால் தங்கக் கரை போட்ட கேரளா சேலையை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாய். ஓணத்துக்குக் கட்டுகிற சேலை. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. பந்தலில் ஒருத்தி கிசுகிசுத்தாள், இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வெள்ளைச் சேலை வாங்கக்கூடத் துப்பில்லாதவன் கையிலா என் புருஷனின் மூச்சு இருந்தது என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.  எடுத்தேன், எறிந்தேன்.

அது மூஞ்சியில் பட்டுக் கீழே விழும் என்று நினைத்திருந்தேன். மடிப்பு பிரிந்து உன் தலை வழியாக இறங்கி உன்னை முழுக்க மூடிவிட்டது. நீ எடுத்துப் போடுவாய் என்று பார்த்தேன். கையைத் தூக்கக்கூடாது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அப்படியே நின்றாய். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சேலை நிற்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.  பிறகு அந்தச் சேலை குலுங்கியது.

முதலில் எழுந்தவள் மாமி. முட்டிவலிக்காரி, ஒருத்தி தூக்கிவிடாமல் எழுந்திருக்க மாட்டாள். தானாக எழுந்து போனாள். சேலையோடு சேர்த்து உன்னைக் கட்டிக்கொண்டாள். "ஏ ஐயா, என் மவன் கைபிடிச்சு வளத்த பிள்ளையே, ஒன்னய யாரு தேத்துவா" என்று ஒப்பாரி எடுத்தாள் பார், உனக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. கோடி போட்ட தலையைக் கண்டால் கட்டிக்கொண்டு அழுதுதான் அவர்களுக்குப் பழக்கம். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, கொன்றவனா பறிகொடுத்தவளா என்று யோசிக்கிற நேரமா அது? ஜேசுபாதம் அண்ணாச்சியின் வீட்டுக்காரி, தெருவில் என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள், எல்லாரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நீயும் நடுவில் உட்கார்ந்துவிட்டாய். துட்டி கேட்க ஆளில்லை என்று எழுதினாயே, திரேஸ்புரம் முழுவதும் உன்னிடம் துட்டி கேட்டது.

நான் மட்டும் தனியாக நின்றேன். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. என் வீட்டு வாசல், என் புருஷனின் ஆண்டு, நான் போட்ட பந்தல். அழுகை முழுவதும் உனக்குப் போகிறது.  ஒரு வருஷமாக ஒரு சொட்டு விடாமல் நான் காத்து வைத்திருந்ததை நீ வந்து நோகாமல் எடுத்துக்கொண்டாய். புருஷனையும் எடுத்துக்கொண்டு இதையும் எடுத்துக்கொள்வாயா என்று அந்தப் பெண்களை இரண்டு கையாலும் விலக்கிவிட்டு வந்தேன்.

நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "குடுல அத. அது எனக்குள்ளது."

பிடுங்கினேன். பிடுங்கி என் தலையில் நானே போட்டுக்கொண்டேன். நீ போட வேண்டியது, நான் எறிந்தது, கடைசியில் நானே போட்டுக்கொண்டது. இப்படிக் கோடி விழுந்தவள் இந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உள்ளே வெளிச்சம் இல்லை. கஞ்சி வாசனையும் உன் கண்ணீர் ஈரமும் இருந்தன. வெளியே யாரும் தெரியவில்லை, யாருக்கும் நானும் தெரியவில்லை. ரோச் என்று கூப்பிட்டேன். ஒரு வருஷமாக அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர், இவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு என்னென்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மாமியைக் கேட்டால், "எல்லாஞ் சொன்ன ஏளா, கிரிக்கெட்டு வரைக்கும் சொன்ன" என்கிறாள். உன்னைக் குத்தியது மட்டும் எனக்குத் தெரியும். நெஞ்சிலா தோளிலா என்று பார்க்கவில்லை, சேலைக்குள்ளிருந்தே இரண்டு கையாலும் குத்தினேன். வலித்திருக்க வேண்டும். வலித்திருந்தால் நல்லது.

தாலியை மாமி இறக்கினாள். நான் கழுத்தைக் கொடுத்தேன். அன்று மத்தியானம் சோறு ருசித்தது. பாயில் படுத்தவள் மறுநாள் கோயில் மணிக்குத்தான் எழுந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை. உன் உறவை அறுத்துவிடத்தான் பந்தல் போட்டேன், எறிந்ததை நானே எடுத்துப் போட்டுக்கொண்டதில் அது நடக்காமல் போய்விட்டது. எனக்குக் கோபம் குறைந்ததும் உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. சுமந்து சுமந்து கை ஓய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். வேம்பார்ப் பெண்ணுக்குத் தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. அதை நான் திருப்பித் தர முடியாது. நீ செய்ததையும் நீ திருப்பித் தர முடியாது. இரண்டு பேரும் இதோடுதான் இருந்தாக வேண்டும்.

மாமி இப்போது ஊரான் வீட்டுத் துட்டிக்குப் போவதில்லை. சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுகிறோம். சில நாள் அழுகை வராது, அன்றைக்கு மீன்காரியோடு சண்டை போடுகிறோம்.

பந்தியில் நீ சாப்பிட்டதைப் பார்த்தேன். கை கழுவிவிட்டு வருவாய் என்று அடுக்களையில் நின்றேன். வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் தெருமுனையில் உன் முதுகு தெரிந்தது. துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். முறை தெரிந்துதான் நடந்திருக்கிறாய். இருந்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு லீவு கேள். வந்தால் திட்டுவேன், கேட்டுக்கொண்டு இரு. திரும்பும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போ.

அக்கா,
விஜிலா